உட்கார்ந்தால் எரிகிறது, நின்றால் குறைகிறது: இது புராஸ்டேட் தானா?

கேள்வி (மண்டிக் கணக்கர்):
வயது 43. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை மர நாற்காலிதான். எட்டு மாதங்களாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே தணலை வைத்ததுபோல் எரிகிறது. புராஸ்டேட் அழற்சி என்று மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சிறுநீரில் கிருமியே இல்லை, ஸ்கேனிலும் குறையில்லை. மனைவியிடம் சொல்லவும் கூச்சம். யாருக்காவது இப்படி இருந்ததா?

பதில் (தையல்காரி, ஈரோடு):
அண்ணா, காலையில் வலியில்லாமல் எழுந்து, உட்கார உட்கார ஏறுகிறதா? மேற்கத்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தால் மட்டும் குறைகிறதா? எனக்கு அப்படித்தான் இருந்தது. 2019இல் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். பிறகு இரண்டு வருடம் சிறுநீர்த் தொற்று என்றே மருந்து தின்றேன். கோயம்புத்தூர் பஸ்ஸில் இருக்கை காலியாக இருக்கும், நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவேன். கடைசியில்தான் புடெண்டல் நரம்பு என்றார்கள். முதுகுத்தண்டின் அடியிலிருந்து கிளம்பி, இரண்டு தசைநார்களுக்கு நடுவே நுழைந்து பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் வரும் நரம்பு அது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அங்கே நசுங்கினால் எரியும். லத்தீனில் அந்தப் பெயருக்கே வெட்கம் என்று பொருளாம். அந்த வெட்கத்தில்தான் நான் இரண்டு வருடத்தைத் தொலைத்தேன். நீங்கள் தொலைக்காதீர்கள்.

கெட்டியான ஃபோமில் நடுவிலிருந்து முன்விளிம்புவரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் இன்றும் மிஷினில் உட்காருகிறேன். எடையை இரண்டு பக்க எலும்பும் தாங்கும், நடுவில் அழுத்தம் விழாது.

பதில் (பிசியோதெரபிஸ்ட்):
சகோதரி சொன்ன அறிகுறிகள் சரி. பிரான்சின் நாந்த் நகரத்து மருத்துவர்கள் இந்த நரம்பு வலிக்கு வகுத்து 2008இல் வெளியான வரையறையிலும், உட்கார்ந்தால் கூடும், இரவில் தூக்கத்தைக் கலைக்காது என்றே இருக்கிறது. நரம்பருகே மரப்பு ஊசி போட்டால் வலி அடங்குகிறதா என்று பார்ப்பதும் அதில் ஒன்று. ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இடுப்புத்தளத் தசை ஏற்கெனவே இறுகியிருந்தால், அதை மேலும் இறுக்கும் கீகல் பயிற்சி வலியைக் கூட்டும். தளர்த்தும் பயிற்சிதான் தேவை. பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, அல்லது சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர்:
அக்கா, கழிப்பறையில் குறைகிறது. இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை. வலி சிகிச்சை மருத்துவரிடம் வியாழக்கிழமை போகிறேன். மனைவியிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். ஃபோம் வெட்டுவதற்கு நாற்காலியின் அளவை எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள்.