கொ, கோ, கௌ வரும் படங்கள் மட்டும் 404: பெயர் சரியாகத்தான் இருக்கிறது, என்ன கோளாறு?

நடைபாதை_நோட்டு

வணக்கம் நண்பர்களே. நகரத்தில் அன்றாடம் கண்ணில் படுவதைப் படமெடுத்து, கீழே நாலு வரி எழுதிப் போடும் சொந்தத் தளம். வேர்ட்பிரஸ் கிடையாது. கையால் எழுதிய ஹெச்டிஎம்எல் பக்கங்கள், லினக்ஸ் சர்வர், என்ஜின்எக்ஸ் (பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் மென்பொருள்). படங்களுக்கு மேக் மடிக்கணினியின் ஃபைண்டரில் தமிழிலேயே பெயர் வைத்து, ஆர்சிங்க் (கோப்புகளைச் சர்வருக்கு நகலெடுக்கும் கருவி) கொண்டு ஏற்றுகிறேன்.

வரும் படங்கள்: நடைபாதை, பேருந்து-நிறுத்தம், தெருவிளக்கு, கைவண்டி.
வராதவை: ஆட்டோ-வரிசை, மொட்டைமாடி, பௌர்ணமி, சாலையோர-மரம்.

மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்தால் எல்லாமே வருகின்றன. சர்வரில்தான் 404 (கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை). கோப்பு அங்கே இருக்கிறது, அனுமதி 644, கோப்புறை 755. உலாவியின் கேஷை அழித்தாயிற்று, வேறு உலாவியிலும் அதே கதை. என்ஜின்எக்ஸ் எரர் லாக்கில் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வருகிறது. அது காட்டும் பெயரும் கோப்புறையில் உள்ள பெயரும் ஒன்றாகவே தெரிகின்றன. இன்னொரு விசித்திரம்: சர்வரில் எல்எஸ் (கோப்புப் பட்டியல் தரும் கட்டளை) காட்டும் பெயரை அப்படியே நகலெடுத்து ஹெச்டிஎம்எல்லில் ஒட்டினால் படம் வந்துவிடுகிறது. அதே பெயரை நானே தட்டச்சு செய்தால் வருவதில்லை.

சிறுகுறிப்பு

பெயரின் வாலைப் பாருங்கள். சில கேமராக்கள் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் வைக்கும். மேக்கில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொதுவாகப் பார்க்கப்படாது; லினக்ஸில் பார்க்கப்படும். உள்ளூரில் வந்து சர்வரில் வராமல் போவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம்.

நடைபாதை_நோட்டு

பார்த்துவிட்டேன் சகோ. எல்லா வாலும் சிறிய எழுத்துதான்.

பைட்டெண்ணி

விடை உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. வராத நான்கிலும் ட்டோ, மொ, பௌ, யோ. வந்த நான்கில் பே, தெ, கை இருக்கின்றன, ஆனால் எழுத்தின் இரு பக்கமும் குறி வரும் ஒ, ஓ, ஔ வரிசை ஒன்றில்கூட இல்லை.

யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் எண் தரும் பொதுத் தரம்) இந்த மூன்று உயிர்க்குறிகளையும் இரண்டு விதமாக எழுதலாம். ோ என்பதற்குத் தனிக் குறியீடு உண்டு. தசம எண்ணில் 3019. அதையே ே (3015), ா (3006) என்று இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே ோ தான். ொ, ௌ இரண்டுக்கும் இதே நிலை. முதல் எழுத்தாக வரும் ஔ கூட ஒ + ௗ என்று பிரியும். சேர்ந்த வடிவத்துக்கு என்எஃப்சி என்றும், பிரிந்த வடிவத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர். இரண்டும் சமம் என்பது யூனிகோட் விதி. ஆனால் லினக்ஸ் கோப்பு முறைமைகள் வழக்கமான அமைப்பில் அந்த விதியைப் பார்ப்பதில்லை. அவற்றுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை (கணினி சேமித்து வைக்கும் எண்கள்). ஒரு பைட் மாறினாலும் வேறு கோப்பு.

மேக்கில் ஃபைண்டர் வழியாகப் பெயர் வைத்தால் பெரும்பாலும் பிரிந்த வடிவத்தில் போய் உட்காரும். விசைப்பலகையில் நீங்கள் தட்டுவது சேர்ந்த வடிவம். மேக்கின் கோப்பு முறைமை தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே பாவிப்பதால் மடிக்கணினியில் கோளாறு வெளியே தெரியாது. ஆர்சிங்க் பைட்டை மாற்றாமல் அப்படியே கொண்டுபோய் வைக்கிறது. உலாவியும் இணைப்பில் எழுதியுள்ளதை எழுதியபடியே சர்வரிடம் கேட்கிறது. நடுவில் சரிசெய்து கொடுக்க ஆளில்லை.

உறுதி செய்ய இரண்டு வழிகள்:

முதலாவது, உலாவியின் கன்சோலில். எல்எஸ்ஸிலிருந்து நகலெடுத்த "ஆட்டோ" என்ற சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டி அதன் லெங்த் (எத்தனை குறியீடுகள் என்ற எண்ணிக்கை) கேளுங்கள். சேர்ந்த வடிவமென்றால் 5 (ஆ, ட, புள்ளி, ட, ோ). பிரிந்ததென்றால் 6. பிறகு கையால் தட்டச்சு செய்து அதற்கும் கேளுங்கள்.

இரண்டாவது, சர்வரில் எல்எஸ் வெளியீட்டை "ஓடி" என்ற கட்டளைக்குக் குழாய் (பைப்) போட்டு அனுப்பி, பைட்களைத் தசம எண்ணாகப் பாருங்கள். ோ இருக்கும் இடத்தில் 224 175 139 என்றால் சேர்ந்தது. 224 175 135 224 174 190 என்றால் பிரிந்தது. கண்ணால் பெயரை ஒப்பிடுவதில் பயனே இல்லை. எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைவதுதான் அதன் வேலை.

நடைபாதை_நோட்டு

எல்எஸ்ஸிலிருந்து எடுத்தது 6, நான் அடித்தது 5. சில நூறு படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டுமா? செல்பேசியிலிருந்து நேராக ஏற்றியவையும் அதே கோப்புறையில் கலந்து கிடக்கின்றன.

கட்டளைவரி

வேண்டாம். சர்வரில் கான்வ்எம்வி என்ற சிறு கருவியை நிறுவுங்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் அந்தப் பெயரிலேயே தொகுப்பு கிடைக்கும். மூல வடிவம் யூடிஎஃப்8 (யூனிகோட் எண்களைப் பைட்களாக எழுதும் முறை), இலக்கு வடிவமும் யூடிஎஃப்8, கூடவே இரட்டைக் கோடு என்எஃப்சி, உள்கோப்புறைகளுக்கும் சேர்த்து ஓட ஆர் கொடி (கொடி என்பது கட்டளையோடு சேர்க்கும் விருப்பக் குறி). இப்படி ஓட்டினால் எதையும் மாற்றாது, எதை எப்படி மாற்றப் போகிறது என்று காட்டும். பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, அதே கட்டளையோடு இரட்டைக் கோடு நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதுதான் உண்மையில் மாற்றும். ஏற்கெனவே சேர்ந்த வடிவில் இருப்பவற்றைத் தொடாது, அதனால் கலந்து கிடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே பெயர் இரண்டு வடிவிலும் இருந்தால் மேலெழுதாமல் விட்டுவிடும். அவற்றை மட்டும் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆனால் கவனம், இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் அடுத்த முறை ஏற்றும்போது பழையபடி ஆகிவிடும். மேக்கில் இன்னும் பிரிந்த பெயர்தான் இருக்கிறது. ஆர்சிங்க் அந்தப் பெயரைச் சர்வரில் தேடும், காணவில்லை என்று எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றும். எல்எஸ் போட்டால் ஒரே பெயர் இரண்டிரண்டாகத் தெரியும். டிலீட் கொடியும் போடும் வழக்கம் இருந்தால், நீங்கள் சரிசெய்த கோப்புகள் மேக்கில் இல்லாதவை என்று கருதப்பட்டு அழிந்துபோகும். எனவே பெயர் மாற்றுவதற்கு முன்பே ஏற்றும் வழியைச் சரிசெய்ய வேண்டும்.

ஆர்சிங்க்கில் ஐகான்வ் என்ற கொடி இருக்கிறது. மேக்கிலிருந்து ஏற்றும்போது அதற்கு "யூடிஎஃப்-8-மேக், யூடிஎஃப்-8" என்று மதிப்புக் கொடுத்தால் வழியிலேயே பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். மேக்கோடு வரும் ஆர்சிங்க்கை நம்பாதீர்கள், அதில் இந்த வசதி இருக்காது. ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) வழியாக 3 வரிசைப் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். சர்வரில் பெயர் மாற்றி முடித்தபின், முதல் முறை "என்" என்ற ஆங்கில எழுத்துக் கொடியோடு ஒத்திகை ஓட்டிப் பாருங்கள். சரியாக அமைந்திருந்தால் புதிதாக ஏற்ற எதுவும் இல்லை என்றுதான் காட்டும். ஒரு முறை ஐகான்வ் போட்டால் ஒவ்வொரு முறையும் போட வேண்டும். கட்டளையை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிட்டால் மறக்காது.

சிறுகுறிப்பு

கிட் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) வழியாக ஏற்றினால் இந்த வம்பே இல்லையே?

கட்டளைவரி

பெரும்பாலும் இல்லை. மேக்கில் கிட் களஞ்சியம் உருவாகும்போது பிரீகம்போஸ் யூனிகோட் என்ற அமைப்பு தானாக இயங்கி, பெயர்களைச் சேர்ந்த வடிவத்தில் பதியும். ஆனால் நூற்றுக்கணக்கான படங்களைக் கிட்டில் வைப்பது எனக்கு உவப்பில்லை. அழித்த படமும் வரலாற்றில் தங்கிவிடும், களஞ்சியம் ஊதிக்கொண்டே போகும்.

மூன்றாம்_மாடி

வேறொரு யோசனை. கோப்புப் பெயரில் தமிழ் எதற்கு? தேதியும் வரிசை எண்ணும் போதுமே: 2024-05-17-03 என்ற மாதிரி. தமிழெல்லாம் தலைப்பிலும், படக்குறிப்பிலும், படத்துக்கான ஆல்ட் வரியிலும் இருக்கட்டும். திரைவாசிப்பான் படிப்பது ஆல்ட் வரியைத்தான். எண் பெயரானால் எந்தக் கணினிக்கும் போகலாம், எந்த ஜிப்பிலும் அடையலாம். (மேக்கில் வலச்சொடுக்கில் உருவாக்கும் ஜிப்பிலும் பிரிந்த வடிவம்தான் போகிறது. சர்வரில் அவிழ்த்தால் இதே 404 மறுபடி வரும்.)

நீளமும் ஒரு பிரச்சினை. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு யூடிஎஃப்8-இல் 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு எழுதும்போது 9 இடம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். மெய்யெழுத்து ஒவ்வொன்றும் புள்ளியோடு இரண்டு குறியீடு என்பதை மறக்க வேண்டாம். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கடி: பதிவின் முகவரித் துண்டுக்கு 200 இடம்தான், அதற்குள் 22 குறியீடுகளே அடங்கும். தலைப்பு அதைத் தாண்டினால் வெட்டிவிடும். வெட்டு புள்ளிக்கு முன்னால் விழுந்தால் "மரம்" என்பது "மரம" என்று நிற்கும்.

நடைபாதை_நோட்டு

படங்களுக்கு எண் பெயர் ஒத்துக்கொள்கிறேன். பக்கங்களின் முகவரி தமிழிலேயே இருக்க வேண்டும் என்று ஆசை. அதில் இன்னொரு சிக்கல்: சில ஆல்பங்களின் முகவரி கோப்புறைப் பெயரிலிருந்து வருகிறது. பிரிந்த வடிவத்திலேயே இணைப்பைப் பலருக்கும் அனுப்பியிருக்கிறேன். இப்போது பெயர் மாற்றினால் அந்த இணைப்புகள் அறுந்துவிடாதா?

பைட்டெண்ணி

அறுந்துவிடும். எளிய வழி, பழைய பிரிந்த பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் குறுக்குவழி) வைத்து புதிய கோப்புறைக்குக் காட்டிவிடுவது. லினக்ஸுக்கு அவை இரண்டு தனிப் பெயர்கள், மோதாது. பைதான் ஸ்கிரிப்டில் செய்யுங்கள்: யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் செயலுக்கு என்எஃப்டி என்று கொடுத்தால் பழைய பெயர் கிடைக்கும். கையால் தட்டச்சு செய்து சிம்லிங்க் போட முயல வேண்டாம், விசைப்பலகை சேர்ந்த வடிவத்தைத்தான் கொடுக்கும்.

இந்த இரட்டைப் பெயர்க் கோப்புறையை மட்டும் மேக்குக்குத் திருப்பி இறக்காதீர்கள். அங்கே இரண்டும் ஒரே பெயர். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும்.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளவை கண்ணுக்கு ஒன்று, யூனிகோடுக்கு வேறு வேறு:

துணைக்காலுக்குப் பதில் ர அடிப்பது. "மொ" வர வேண்டிய இடத்தில் மெ, ர என்று இரண்டு எழுத்து. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் நிறையக் கிடைக்கும்.
"பௌ"வை பெ, ள என்று அடிப்பது. இது மிகவும் பரவலான பழக்கம்.
ஸ்ரீ. ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே கூட்டெழுத்தாக வரையும். ஶ யூனிகோடுக்கு வந்ததே 2005-இல் வெளியான 4.1 பதிப்பில்தான், அதனால் பழைய உரைகள் ஸ-வோடு இருக்கும். இரண்டும் சமம் என்று யூனிகோடில் எந்த விதியும் இல்லை.
சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அகலமற்ற குறியீடு, எண் 8204. சில விசைப்பலகைகளும் நகல் எடுத்த உரைகளும் கொண்டுவந்து சேர்க்கும்.

இவற்றுக்கு மாற்றுப் பட்டியல் ஒன்றை நீங்களே ஸ்கிரிப்டில் எழுதி வைக்க வேண்டும். பெயர்களில் 8204-ஐ நீக்கலாம். ஸ்ரீ-க்கு ஏதாவது ஒரு வடிவத்தை முடிவு செய்து மற்றதை அதற்கு மாற்றுங்கள். ர, ள இரண்டையும் மட்டும் தானியங்கியாக மாற்றவே கூடாது. "பெரிய", "பெருமை", "வெள்ளம்" எல்லாம் பாழாகிவிடும்.

நடைபாதை_நோட்டு

அப்படியானால் என் தளத்துக் குறிச்சொல் பக்கத்தில் "ஆட்டோ" இரண்டு முறை வருவதும், தேடலில் பாதிப் படங்கள் மட்டும் கிடைப்பதும் இதனால்தானா?

பைட்டெண்ணி

அதேதான். கோப்புப் பெயரிலிருந்து ஒட்டிய குறிச்சொல் ஒரு வடிவம், தட்டச்சு செய்தது இன்னொன்று. சேமிக்கும் இடத்தில் ஒரு முறை நார்மலைஸ் செய்யுங்கள். தேடல் பெட்டியில் வாசகர் அடிப்பதையும் ஒப்பிடுவதற்கு முன் செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு சரத்துக்கும் நார்மலைஸ் என்ற செயல் உண்டு, எதுவும் கொடுக்காமல் அழைத்தாலே என்எஃப்சி. ஒரு பக்கம் மட்டும் செய்தால் பாதிதான் தீரும்.

மூன்றாம்_மாடி

எல்லாப் படத்தையும் எப்படியும் மறுபடி தொடப்போகிறீர்கள், கையோடு இதையும் செய்யுங்கள். செல்பேசிப் படத்தில் எடுத்த இடத்தின் அட்ச, தீர்க்க ரேகை இருக்கலாம். அன்றாட நடையில் எடுத்தவை என்றால் எந்த மொட்டைமாடி யாருடையது என்று ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம். எக்ஸிஃப்டூல் (படத்துக்குள் பதிந்த தகவலைத் திருத்தும் கருவி) கொண்டு ஜிபிஎஸ் தகவலை மட்டும் நீக்குங்கள். அது மாற்றும்போது பழைய படத்தை "ஒரிஜினல்" என்ற வாலோடு அதே கோப்புறையில் விட்டுவைக்கும். அதையும் சேர்த்து ஏற்றினால் இடம் அம்பலம்தான். ஓவர்ரைட் ஒரிஜினல் கொடி போடுங்கள், மூலப்படங்களின் பிரதியை வேறு வட்டில் வைத்துவிட்டு.

இமேஜ்மேஜிக் என்ற படம் திருத்தும் கருவியில் ஸ்ட்ரிப் போட்டு எல்லாத் தகவலையும் உரிப்பதாக இருந்தால் ஆட்டோ ஓரியன்ட் (படத்தை நிமிர்த்துவது) முதலில், ஸ்ட்ரிப் பிறகு. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பெரும்பாலும் கிடையாகவே பதிந்து, "90 பாகை திருப்பு" என்ற குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். குறிப்பை முதலில் உரித்தால் தெருவிளக்கு படுத்துவிடும். ஸ்ட்ரிப் வண்ண விவரத்தையும் சேர்த்து உரிக்கிறது. அகன்ற வண்ணப் பரப்பில் எடுத்த படம் வெளிறித் தெரியலாம். அதற்கு முன் எஸ்ஆர்ஜிபிக்கு (வலையில் வழக்கமான வண்ணப் பரப்பு) மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டளைவரி

வரிசை இது: மூலப்படப் பிரதி, எக்ஸிஃப்டூல், ஐகான்வ் கொடியோடு புது ஆர்சிங்க் ஸ்கிரிப்ட், சர்வரில் கான்வ்எம்வி ஒத்திகை, பிறகு நோடெஸ்ட், பழைய ஆல்பப் பெயர்களுக்குச் சிம்லிங்க். அதன்பின் ஆர்சிங்க்கை "என்" கொடியோடு ஒத்திகை ஓட்டுங்கள். நீங்கள் எண் பெயர் வைக்காத, எக்ஸிஃப்டூலும் தொடாத பழைய கோப்புகள் பட்டியலில் தெரிந்தால் ஐகான்வ் வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த நிலையில் டிலீட் கொடியைத் தொடவே வேண்டாம்.