அமோனியா கசிவு: இழப்பீட்டு மனுவை எங்கே கொடுப்பது?

குன்னூர் பக்கம், எங்கள் லயன் வீடுகளை ஒட்டி ஒரு குளிர்பதனக் கிடங்கு. 2023 நவம்பரில் ஒருநாள் இரவு அங்கே அமோனியா கசிந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். அம்மாவால் ஓட முடியவில்லை. வயது 61, அதுவரை தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர். இப்போது பனி இறங்கினாலே மூச்சு இழுக்கிறது, பத்து படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். நுரையீரலின் திறன் குறைந்துவிட்டதாக ஸ்பைரோமெட்ரி அறிக்கை சொல்கிறது.

போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கினேன். கிடங்குக்காரர் ஒருமுறை மருந்துச் செலவு கொடுத்தார், அப்புறம் போனை எடுப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கும் பதில் இல்லை. அன்றிரவு மருத்துவமனையில் போட்ட சீட்டு பத்திரமாக இருக்கிறது.

நான் படித்தவரை, 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கலெக்டரிடம் நிவாரணம் கேட்கலாம், ஐந்து வருடத்துக்குள். தொழிலாளிக்குத்தான் அது பொருந்தாது, அம்மா அங்கே வேலை செய்தவர் இல்லை. சிக்கல் இதுதான்: அரசு அறிவித்த அளவுக்கு மேல் ரசாயனம் இருந்தால்தான் அந்தச் சட்டம். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் அபாயகரமான பொருள் எது என்பதற்கு அதே அளவைத்தான் பார்க்கிறது. தங்களிடம் இருந்தது அதைவிடக் குறைவு என்கிறார்கள் கிடங்குத் தரப்பில். டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப் பொறுப்புக் கொள்கை (ஆபத்தான தொழில் நடத்துபவர், தன்மேல் தவறு இல்லாவிட்டாலும், அதனால் வரும் பாதிப்புக்கு விதிவிலக்கில்லாமல் இழப்பீடு தர வேண்டும் என்பது) இருக்கிறதே என்றுதான் நம்பிக்கை.

அளவு குறைவு என்பதே உண்மையானாலும், அந்தக் கொள்கையை வைத்து சிவில் கோர்ட்டில் நேரடியாக இழப்பீடு கேட்க முடியுமா?