மறு: எரிதமா, திணிமடலா?

வணக்கம்.

நாம் எழுதிவரும் சிறுவணிகர் கையேட்டில் ‘ஸ்பேம்’ (கேட்காமலே பலருக்கும் மொத்தமாக அனுப்பும் மடல்) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற இழையில் இதுவரை வந்தவை எரிதம், குப்பைமடல், வேண்டாமடல். எரிதம் விக்கிப்பீடியாவிலேயே பழகிவிட்ட சொல். அதைத் தள்ளிவைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் நம் கையேட்டைப் படிக்கப்போகிறவர் கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை விற்கிறவர், பாம்பனில் கருவாடு கட்டி கூரியரில் அனுப்புகிறவர். எதைச் செய்யக்கூடாது என்பது அந்தச் சொல்லிலேயே அவருக்குத் தெரிய வேண்டும். எரிதம் என்றால் பெறுகிறவரின் எரிச்சல் தெரிகிறது. குப்பை என்றால் சரக்கைப் பழிப்பதாகிறது. அனுப்பியவர் என்ன செய்தார் என்பது இரண்டிலும் இல்லை. “என் கருவாடு குப்பையா?” என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

சரக்கு நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியே இல்லை. 1978 மே மாதம் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த 400 பேர் அளவுக்கு ஒரே மடலை அனுப்பினார். புதுக் கணினியைக் காட்டுகிறோம், வந்து பாருங்கள் என்பதுதான் செய்தி. மோசடி எதுவும் இல்லை. இருந்தும் முதல் ஸ்பேம் என்று இன்றுவரை அதைத்தான் சொல்கிறார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்களைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் வரையறையும் இப்படித்தான்: கேட்காமல் வந்திருக்க வேண்டும், மொத்தமாகவும் அனுப்பியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஸ்பேம்.

எனவே ‘திணிமடல்’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. திணியழைப்பு, திணிசெய்தி என்று நீட்டிக்கொள்ளலாம். திணிப்பு என்றாலே 1965 வாடை அடிக்கிறது என்றார் ஒரு நண்பர். அடிக்கட்டுமே, விளக்கம் எழுதும் வேலை மிச்சம். அம்மையார் ஒருவரின் கேள்விதான் கனமானது: வலிந்து தருவது இந்தச் சொல்லில் வந்துவிட்டது, மொத்தமாக என்பது எங்கே? அதற்குப் புறநானூற்றின் இரண்டாம் பாட்டைப் பார்க்கலாம். ‘மண் திணிந்த நிலன்’ என்கிற இடத்தில் திணிதல் என்றால் செறிதல், அடைந்து கிடத்தல். அங்கே தன்வினை, நம் சொல்லில் பிறவினை. ‘திணி’ என்ற பகுதி இரண்டுக்கும் பொது. அடைசலும் வற்புறுத்தலும் ஒரே சொல்லில் அமைவது நம் அதிர்ஷ்டம்.

இனி எல்லை. ராமேசுவரம் ரயில் நிலையத்தில் இறங்கியதும் “ரூம் வேணுமா சார்” என்று குரல் கொடுப்பது வியாபாரம். பையைப் பிடுங்கி ஆட்டோவில் வைப்பது வேறு. வாட்ஸ்அப்பில் இந்த வேறுபாடு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். ஜூன் 14 முடிந்து மீன்பிடித் தடைக்காலம் விலகியதும் “படகுகள் கடலுக்குப் போயிருக்கின்றன, நாளை மீன் வரும்” என்று அதில் அனுப்பும் கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அதே ஆள் ஒரு குழுவைத் தொடங்கி, கூரியர் ரசீதில் இருந்த எண்களையெல்லாம் அதில் இழுத்துப் போட்டால்? வாங்கியவர்கள் எண் ஊருக்கே தெரிகிறது. அது திணிப்பு, சந்தேகமே இல்லை.

விடுதிகள் இன்னும் மோசம். அறை எடுக்கும்போது பதிவேட்டுக்கு என்று எண்ணை வாங்குகிறார்கள். ஒரு விடுதி எனக்கு ஒவ்வொரு அமாவாசைக்கும் சலுகை அனுப்பியது. நான் தங்கியதோ ஒரு திருமணத்துக்காக. எண் கொடுத்தது நான்தான், ஆனால் எதற்குக் கொடுத்தேன் என்று ஒன்று இருக்கிறதே. கையேட்டில் இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நல்ல வியாபாரிகளே தெரியாமல் இதைச் செய்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சாயல்குடிப் பக்கம் முண்டு மிளகாய் விற்கிறவர், மதுரையில் ஓர் ஓட்டலின் மிளகாய்ப்பொடித் தேவையை விசாரித்து, அவர்களுக்கென்றே ஒரு மடல் எழுதினால் அது கேட்காமல் வந்ததுதான், ஆனால் திணிமடல் ஆகாது. அதையே நூறு ஓட்டல்களுக்கு நகலெடுத்து அனுப்பினால் ஆகும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு என்பதற்காக அனுமதி தானாக வந்துவிடாது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி போதும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகள் குறுஞ்செய்திக்கும் அழைப்புக்கும்தான். புகார் சொல்ல 1909 என்ற எண். வாட்ஸ்அப் அதற்குள் வராது. ஆகவே “சட்டம் தடுக்கவில்லை” என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், அதை வைத்து நாம் எல்லை வகுக்க வேண்டாம்.

வாடிக்கையாளரே கேட்டு வாங்கும் மடலுக்கு ‘இசைவுமடல்’ சரியா என்று பாருங்கள். அப்புறம் ‘அன்சப்ஸ்கிரைப்’ பொத்தானுக்கு ‘சந்தாவை ரத்துசெய்’ என்று வரைவில் இருக்கிறது. கருவாட்டுக்கு யார் சந்தா கட்டினார்கள்? ‘விலகு’ போதும்.