காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மாடிவீட்டுக்காரன்:
திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும் பாட்டிலையும் கேனையும் வீட்டுக் குப்பையில் போடவே கூடாது, பெரிய மாநகராட்சிகள் அவற்றைத் தனியாகத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் வேண்டும். இது என் கட்சி. 2022 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரி டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலைத் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள். வாங்கும்போது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல், காலியைக் கொடுத்தால் அது திரும்ப வரும். அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. மலையில் நடந்தது மாநகரத்தில் நடக்குமா? கருத்துச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். பாட்டிலைக் கையால் தொட்டவர்கள் எழுதுங்கள்.

குன்னூர் பக்கம்:
எங்கள் ஊரில் இது வெறும் குப்பை விவகாரம் இல்லை. வியூ பாயிண்டில் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டுச் சரிவில் வீசுவார்கள். உடைந்த சில்லு தேயிலை பறிக்கிற பெண்களின் காலில் ஏறும். யானை மிதித்தால் மருந்து போட யார் போவது? நீதிமன்றம் தலையிட்டதே காட்டு விலங்குகளை முன்னிட்டுத்தான். பத்து ரூபாய் வந்ததும் சுற்றுலாக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீசுகிறவர் இன்னும் வீசிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அவர் வண்டி கிளம்பிய கையோடு ஒருவர் சாக்குப் பையோடு வந்துவிடுகிறார். எங்கள் லைன் வீட்டுப் பாட்டி ஒருவருக்கு மாத்திரைச் செலவு இதில்தான் ஓடுகிறது.

மேஸ்திரி (ஓய்வு):
துப்புரவு மேஸ்திரியாக இருந்தவன் சொல்கிறேன், ஊருக்குள் கதை வேறு. 2016 திடக்கழிவு விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தது. காலையில் குப்பை வண்டி போனால் எல்லாம் ஒரே கவரில்தான் வரும். உள்ளே பாட்டில் இருப்பது வெளியே தெரியாது. காம்பாக்டர் வண்டி அழுத்தும்போது நொறுங்கும் பாருங்கள், அதோடு எல்லாம் முடிந்தது. சோற்றோடும் இலையோடும் கலந்த கண்ணாடித் தூளை எந்தச் சல்லடையாலும் முழுசாகப் பிரிக்க முடியாது. அதை உரம் என்று கொடுத்தால் எந்த விவசாயி கையால் அள்ளுவார்? கையுறை கொடுக்கிறார்களே என்பீர்கள். ரப்பர் கையுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும் கண்ணாடி. கை கிழிந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் நான். பாட்டில் உடைவதற்கு முன்னால் குப்பையை விட்டு வெளியே வர வேண்டும். காசு கொடுத்து வரவழைப்பீர்களோ அபராதம் போட்டு வரவழைப்பீர்களோ, அது உங்கள் பாடு.

பழைய பேப்பர் கடை:
மேஸ்திரி அண்ணன் சொல்வது சரி. வியாபாரக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். தண்ணீர் பாட்டில், அலுமினிய கேன் எல்லாம் தெருவில் ரொம்ப நேரம் கிடக்காது. முழு பீர் பாட்டிலுக்கும் ஆள் உண்டு. குவார்ட்டர் பாட்டில்தான் அநாதை. கனம் அதிகம், இடத்தை அடைக்கும், விற்றால் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது. பத்து ரூபாய் என்றதும் அந்தக் குவார்ட்டருக்கும் மரியாதை வந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒரு பயம். நாளைக்குக் கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்கும் இதே முறை வந்து கம்பெனியே நேராக வாங்கிக்கொண்டால், பொறுக்கி வந்து எங்களிடம் போடுகிறவர்கள் எங்கே போவார்கள்? சட்டம் எழுதும்போது வாங்கும் மையத்தில் அவர்களுக்கு வேலை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இந்தப் பேச்சில் அவர்கள் சார்பாக எழுத யாரும் வர மாட்டார்கள்.

கலிபோர்னியாவில் குடியிருப்பவர்:
காலியைக் கொடுத்தால் காசு தரும் முறை இங்கே 1987 முதலே உண்டு. 24 அவுன்ஸுக்கு (சுமார் 700 மில்லி) குறைந்த பாட்டிலுக்கு 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். 2024இல் ஒயினும் மற்ற மதுபானங்களும் சேர்ந்தன. காசு இருந்தும் கொண்டுபோய்க் கொடுக்க இடம் வேண்டுமே! 2019இல் ஒரு நிறுவனம் தன் 284 மையங்களையும் ஒரே நாளில் மூடிவிட்டது. பக்கத்தில் மையம் இல்லாவிட்டால் ஐந்து சென்ட்டுக்காக யார் காரை எடுப்பார்கள்? நானும் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிடுகிறேன். அந்தக் காசு தொட்டியை எடுக்கிறவர்களுக்குப் போகிறது. அவர்களுக்கும் முன்னால், இருட்டோடு வந்து தொட்டியைக் கிளறிக் கேன்களை எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

பெர்லின் மாணவி:
இங்கே விற்கிற சூப்பர் மார்க்கெட்டே திரும்ப வாங்க வேண்டும். வாசலருகே மெஷின், பாட்டிலைப் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். ஒரு தடவை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் என்பதால் மாணவர்கள் ஒன்றைக்கூட விட மாட்டோம். பூங்காவில் குடிப்பவர்கள் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள், எடுக்க வருகிறவர் குப்பைக்குள் கை விட வேண்டாம் என்பதற்காக.

மாடிவீட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் வீட்டுக்காரர் மேல் சட்டம் பாயும் முன் விற்கிற கடை மேல் பாய வேண்டும் என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் சிக்கலே அங்கேதான். டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் இடமில்லை, ஆளில்லை என்று போராடின. அதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. பத்தடிக் கடையில் சரக்கையே அடுக்க இடமில்லை, காலியை எங்கே அடுக்குவது? என் யோசனை, மாநகராட்சி வார்டுக்கு ஒரு கொட்டகை போட்டு வாங்கட்டும், கடைக்காரரை விட்டுவிடலாம்.

எங்கள் குடியிருப்பில் சட்டத்துக்குக் காத்திராமல் காலி பாட்டிலுக்காக மாடிப்படிக்குக் கீழே ஒரு டிரம் வைத்தோம். முதல் சண்டை, டிரம்மைப் பார்க்கிற விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள் என்று. அது அடங்கியதும் காசு யாருக்கு என்று அடுத்த சண்டை. சங்க நிதிக்கு என்று செயலாளர், துப்புரவு செய்யும் அம்மாக்களுக்கு என்று நாங்கள். கடைசியில் அம்மாக்கள் பக்கம்தான் தீர்ப்பானது. வீட்டு வேலை செய்கிற மற்றவர்களுக்கும் பங்கு உண்டா என்பது அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது.

மேஸ்திரி (ஓய்வு):
தம்பி, டிரம் வேண்டாம், பிளாஸ்டிக் கிரேட் வையுங்கள். டிரம்மில் மேலே விழுகிற பாட்டில் கீழே இருப்பதை உடைக்கும். பாட்டிலில் டாஸ்மாக் கடை ஒட்டிய ஸ்டிக்கரை யாரும் சுரண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் காசு வராது.