கண்ட்ரோல் பேனலில் கிட்: உங்களுக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க

மஞ்சக்குப்பத்தான்:

கடலூர்ல கடைகளுக்கும் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செஞ்சு கொடுக்கிறேன். ஒண்டி ஆள்தான். ரொம்ப நாள் வரைக்கும் என் வேலையெல்லாம் சிபேனல் (ஹோஸ்டிங் சர்வரை பிரவுசர்ல இருந்தே கையாளுற கண்ட்ரோல் பேனல்) ஃபைல் மேனேஜர்லயே. ஃபைலைத் திற, மாத்து, சேவ் அடி. பயமா இருந்தா முன்னாடியே ஒரு நகல்.

திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஜவுளிக்கடை சைட். அதோட ஃபோல்டரைத் திறந்தா இப்படி இருக்கும்: ஹெடர், ஹெடர்_ஓல்டு, ஹெடர்_ஓல்டு2, ஹெடர்_இதுதான்_ஃபைனல். எது ஓடுதுன்னு எனக்கே தெரியாது. தீபாவளி வாரத்துல ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேனர், ஆஃபர் விலையெல்லாம் போட்டு முடிச்சேன். காலையில பார்த்தா ஒண்ணுமே இல்ல, பழைய ஆடித் தள்ளுபடி சிரிக்குது. கடைக்காரரோட மச்சான்கிட்டயும் பாஸ்வேர்டு இருந்திருக்கு. முந்தின நாள் அதே ஃபைலைத் திறந்து வெச்சவர், காலையில ஃபோன் நம்பர் ஒண்ணை மட்டும் மாத்தி சேவ் அடிச்சிட்டாரு. கடைசியா சேவ் அடிச்சவன் ஜெயிச்சான், அவ்வளவுதான் அந்த ஊர் சட்டம். "சார், நான் நம்பர் மட்டும்தான் மாத்துனேன்"னு அவர் சொன்னதுல பொய்யே இல்ல.

சிபேனல்ல 72ஆம் வெர்ஷன்லதான், அதாவது 2018ல, 'கிட் வெர்ஷன் கன்ட்ரோல்'னு ஐகான் வந்துச்சு. கிட்ங்கிறது எந்த ஃபைல்ல யார், எப்ப, எந்த வரியை மாத்துனாங்கன்னு வரலாறு வெச்சுக்கிற மென்பொருள். நான் தொட்டது அதுக்கு ரொம்பப் பின்னாடி. தொட்ட முதல் நாளே அரை நாள் போச்சு. கோடு ஃபைல்களை கிட்ஹப்புக்கு (கிட் ரெப்போக்களை ஆன்லைன்ல வெச்சுக்கிற தளம்) ஏத்திட்டேன், சைட் மாறவே இல்ல. அப்புறம்தான் விளங்குச்சு. பேனல்ல இருக்கிற ரெப்போவுக்கே (கிட் கவனிச்சுக்கிற ஃபோல்டர்) நேரா புஷ் பண்ணா, அதாவது அனுப்புனா, தானா ஏறும். கிட்ஹப் வழியா வந்தா, பேனலுக்குள்ள போய் 'அப்டேட் ஃப்ரம் ரிமோட்' அழுத்தி, அப்புறம் 'டிப்ளாய் ஹெட் கமிட்' அழுத்தணும் (கமிட்னா பதிவு பண்ண மாற்றம், அதை சைட்டுக்கு ஏத்துறது டிப்ளாய்). எதை எங்க காப்பி பண்ணணும்னு சொல்ற ஒய்எம்எல் ஃபைலும் (பெயர் புள்ளியில ஆரம்பிக்கும், புள்ளிசிபேனல்) ரெப்போவுலயே கமிட் ஆகியிருக்கணும். அதுல இடைவெளிக்கு டேப் அடிச்சா ஒத்துக்காது.

எல்லாம் சரி பண்ணி ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. திடீர்னு ஒருநாள் டிப்ளாய் பட்டன் மங்கிப் போய்க் கிடக்கு, அழுத்த முடியல. சர்வர்ல கிட் ஸ்டேட்டஸ் அடிச்சேன். ஒரு ஃபைல் மாறியிருக்கு, கமிட் ஆகல. நம்ம மச்சான்தான். ரெப்போ ஃபோல்டருக்குள்ளயே போய் ஃபோன் நம்பரை மாத்தியிருக்காரு. ஆனா இந்த தடவை கிட் டிஃப் அடிச்சதும் எந்த வரின்னு பச்சையும் சிவப்புமா கண்ணு முன்னாடி இருந்துச்சு. அந்த வரியை நானே கமிட் பண்ணிட்டேன். சண்டை இல்ல.

உங்க கதையைச் சொல்லுங்க.

லாஸ்பேட்டை வாசி:

அண்ணே, என் கதை கொஞ்சம் அசிங்கம். ரெப்போவைத் தனியா வெச்சு காப்பி பண்றதெல்லாம் எதுக்குன்னு, நேரா பப்ளிக்-எச்டிஎம்எல்லுக்குள்ளயே (சைட்டா வெளிய தெரியுற ஃபோல்டர்) க்ளோன் பண்ணிட்டேன், அதாவது ரெப்போவை முழுசா நகல் எடுத்துட்டேன். சைட் ஜம்முனு ஓடுச்சு. ஒரு நாள் காலேஜ் ஜூனியர் பையன் மெசேஜ் போடறான்: "அண்ணா, உங்க சைட் அட்ரஸ் பின்னாடி ஸ்லாஷ் புள்ளிகிட் ஸ்லாஷ் கான்ஃபிக்னு அடிச்சுப் பாருங்க." அடிச்சேன். ரெப்போ அட்ரஸ் அப்படியே பிரவுசர்ல தெரியுது. புள்ளிகிட்ங்கிறது கிட் தன் வரலாற்றை வெச்சுக்கிற ஃபோல்டர். அது திறந்து கிடந்தா மொத்தக் கோடு ஃபைல்களையும் வரலாறோட இறக்கிக்கலாம்.

வரலாறுதான் வினை. முதல் கமிட்லயே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்துச்சு. அந்த ஃபைலை ரெண்டாவது கமிட்ல அழிச்சிட்டேன்னு நிம்மதியா இருந்தவன் நான். அழிச்சாலும் பழைய கமிட்ல அது உட்கார்ந்தேதான் இருக்கும். பாஸ்வேர்டை மாத்துறதைத் தவிர வேற வழியில்ல. ரெப்போவை வெளிய எடுத்து வெச்சேன். எச்டிஅக்சஸ்லயும் (சர்வருக்கு விதி சொல்ற ஃபைல்) புள்ளிகிட்டைத் தேடி வர்றவங்களுக்கு 404, அதாவது 'பக்கம் இல்ல'ன்னு காட்டச் சொல்லி ஒரு வரி போட்டேன்.

இன்னொண்ணு. ஒய்எம்எல்ல நட்சத்திரக்குறி போட்டு மொத்தத்தையும் காப்பி பண்ணாதீங்க, புள்ளிகிட்டும் சேர்ந்து போகலாம். சிபேனல்காரங்களே அவங்க கையேட்டுல எச்சரிச்சிருக்காங்க.

ரெயின்போ நகர்:

என்னுது பேனல் கதை இல்ல, மழைக் கதை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறுச்சே, புதுச்சேரியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னிக்கு எங்க தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி. கீழ் வீட்டு மேசை டிராயர்ல லேப்டாப். அம்மா அரிசி மூட்டையைத்தான் முதல்ல மாடிக்கு ஏத்துனாங்க, சரிதான்.

சர்வர் எங்கயோ இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகல. கஸ்டமர் ஏத்துன படம், டேட்டாபேஸ் எல்லாம் அங்கயே பத்திரம் (அது ரெண்டும் கிட்ல வராது, பேக்கப் தனியா எடுக்கணும்). போனது மூணு நாள் கோடு. தினமும் கமிட் போட்டேன் சார், மணி மணியா மெசேஜ் எழுதி. புஷ் மட்டும் பண்ணல. கமிட் லேப்டாப்லதான் இருக்கும்னு தண்ணி வடிஞ்ச பிறகுதான் மண்டையில உறைச்சது.

முதலியார்பேட்டை பெரியவர்:

தம்பிங்களா, பேனல்ல இது வர்றதுக்கு முன்னாடியே எஸ்எஸ்எச் (சர்வருக்குள்ள போய் கட்டளை அடிக்கிற வழி) கொடுத்த ஹோஸ்டிங்ல நாங்க கையால பண்ணிக்கிட்டுத்தான் இருந்தோம். ஹோம் ஃபோல்டர்ல ஒரு 'bare' ரெப்போ (வரலாறு மட்டும் இருக்கிறது), போஸ்ட்-ரிசீவ் ஹூக்ல (புஷ் வந்ததும் தானா ஓடுற ஸ்கிரிப்ட்) ரெண்டு வரி, புஷ் பண்ணா சைட் மாறும். பேனல் இப்ப உள்ளுக்குள்ள பண்றதும் கிட்டத்தட்ட அதேதான். எஸ்எஸ்எச் கேட்டா 'செக்யூரிட்டி'ன்னு மறுத்த கம்பெனிகளால எஃப்டிபியிலயே (ஃபைலை நாமளே ஏத்துற பழைய வழி) தலைமுடி நரைச்சுது.

புஷ் பண்ணும்போது கிட்ஹப் பாஸ்வேர்டு வாங்கலைன்னு புலம்புறவங்களுக்கு: 2021 ஆகஸ்ட் 13லயே நிறுத்திட்டாங்க. பிரைவேட் ரெப்போன்னா சர்வர்ல எஸ்எஸ்எச் சாவி உண்டாக்கி, கிட்ஹப்ல அந்த ரெப்போவுக்கு டிப்ளாய் கீயா (அந்த ஒரு ரெப்போவை மட்டும் திறக்கிற சாவி) போடுங்க. ஒரே சாவியை ரெண்டு ரெப்போவுக்குப் போட விடாது, தனித்தனியா வேணும்.

மஞ்சக்குப்பத்தான்:

ஐயா, நன்றி. நானும் ஒண்ணு சேர்த்துக்கிறேன்: ஒய்எம்எல்ல வெறும் காப்பி கட்டளை போட்டா, ரெப்போவுல அழிச்ச ஃபைல் சைட்டுல அழியாது. ஹெடர்_ஓல்டு2 இன்னும் அங்க இருக்குன்னு போன வாரம்தான் பார்த்தேன்.

லாஸ்பேட்டை தம்பி சொன்னதைப் படிச்சதும் என் கஸ்டமர் சைட் ஒவ்வொண்ணுலயும் அந்த ஸ்லாஷ் புள்ளிகிட்டை அடிச்சுப் பார்த்தேன். பன்னெண்டுல ரெண்டு திறந்து கிடக்கு. ஒண்ணு ஜவுளிக்கடை. வீட்டுல தோசை ஆறுதுன்னு கூப்பிடறாங்க, இதை மூடிட்டு வர்றேன்.