ட்யூனிஸ் கேம்பெல்: வழக்கு ஆவணங்கள் தேடித்தர முடியுமா?

நண்பர்களே, வணக்கம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலச் செனட்டராக இருந்த ட்யூனிஸ் கேம்பெல் (1812–1891) பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1868இல் மக்கள் தேர்ந்தெடுத்த அவரை, கறுப்பர் என்ற ஒரே காரணத்துக்காக அதே ஆண்டு அவையிலிருந்து வெளியேற்றினார்கள். பின்னர் திரும்பி வந்தார். அதே மாநிலத்தின் டேரியன் நகரில் உள்ளூர் நீதிபதியாக இருந்தபோது வெள்ளையர் ஒருவரைச் சட்டவிரோதமாகச் சிறையில் அடைத்தார் என்று குற்றம் சாட்டி, 1876இல், அறுபதைக் கடந்த அந்த மனிதரைக் கைதியாக்கித் தோட்ட வேலைக்குக் குத்தகைக்கு விட்டார்கள். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்த வழக்கின் பதிவுகளும் கைதிக் குத்தகைப் பதிவேடும் தேவை. அட்லாண்டா பக்கம் வசிப்பவர்கள் யாரேனும் மாரோ நகரிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் விசாரித்துச் சொல்வீர்களா? நகல் கட்டணத்தை உடனே அனுப்பிவிடுகிறேன்.