மறு: டயர் அகலம் என்றால் எந்த அகலம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் டயர், வீல் அகலங்களுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "டயர் அகலம்" என்று ஒரே பதிவாகப் போட்டுவிடலாமே. இதற்கு எதற்கு மூன்று சொல்?

போட்டால் டொராண்டோத் தம்பி கேட்டதற்கே பதில் எழுத முடியாது, அதனால்தான். அவர் கையில் இருப்பது 2017 டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி வீலை மாற்றப்போவதில்லை. அதில் இப்போது இருக்கும் 215 மி.மீ. டயருக்குப் பதிலாக 225 போடலாமா, பந்தயத் திடலில் சிலர் போடுகிறார்களே அந்த 245 உட்காருமா என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதப் போகிறார். முதல் பத்தியிலேயே அவருக்குச் சிக்கல் வந்துவிட்டது. வீலின் அகலம் 7 அங்குலம், அதாவது 178 மி.மீ. டயரின் அகலம் 215 மி.மீ. படிப்பவர் என்ன நினைப்பார்? 37 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்றுதானே?

துருத்தவில்லை. இரண்டும் வெவ்வேறு இடங்களில் எடுத்த அளவு. வீலின் 7 அங்குலம் என்பது டயரின் ஓரம் உட்காரும் இடத்தில், ஒரு விளிம்பின் உள்முகத்திலிருந்து எதிர் விளிம்பின் உள்முகம் வரை. வீலைக் கழற்றித் தரையில் போட்டு வெளியே வெளியே டேப் பிடித்தால் ஏறக்குறைய 8 அங்குலம் வரும், அதை நம்பி டயர் வாங்கினால் தொல்லைதான். டயரின் 215 வேறு கதை. தரம் வகுத்தவர்கள் அந்த அளவு டயருக்கென்று ஒரு ரிம் (வீலில் டயர் உட்காரும் வளையம்) அகலத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் மாட்டி, காற்றடித்து, பாரம் ஏற்றாமல், ஒரு பக்கச்சுவரின் வெளிமுகத்திலிருந்து மற்றதன் வெளிமுகம் வரை அளப்பது. எழுத்து, காப்பு வரம்பு போன்ற மேடுகள் கணக்கில் சேராது. தரையில் படும் பகுதியின் அகலம் மூன்றாவது. அதை டயரில் எங்கும் அச்சிடுவதே இல்லை, இரண்டு கம்பெனியின் 225ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒன்றுபோல் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆக மூன்று அகலம், மூன்று சொல். இனி இதுவரை வந்த பரிந்துரைகள்.

> குறுக்குவெட்டு அகலம், விளிம்பகலம், தடவகலம்.

டயர், வீல், தரையில் படும் பகுதி மூன்றுக்கும் முறையே ஐயா ஒருவர் தந்த சொற்கள் இவை. மூன்றையும் பயன்படுத்தி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். குறுக்குவெட்டு அகலம் என்றதும் டயரை அறுத்து அளக்கிறார்கள் என்று தோன்றுகிறது, நீளமும் அதிகம், ஒரு வாக்கியத்தில் இரண்டு முறை வந்தால் மூச்சு வாங்குகிறது. விளிம்பகலம் சிக்கலானது. விளிம்பு என்றால் நமக்கு ஓரத்தில் எழும்பி நிற்கும் அந்த உதடுதான், அதன் தடிமனைச் சொல்கிறோம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். மேலே நான் அளவை விளக்கும்போதே 'விளிம்பின் உள்முகம்' என்று அந்த உதட்டைத்தான் சொல்ல வேண்டியிருந்தது, அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடுவோம். தடவகலம் நல்ல சொல், ஆனால் இங்கே செலவழிக்கக் கூடாது. காரின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு அது தேவைப்படும், வண்டித் தடம் என்று ஊரில் சொல்வதும் அதைத்தானே.

என் பரிந்துரை: வீலுக்கு வட்டையகலம், டயருக்குப் புடையகலம், தரையில் படும் பகுதிக்கு மிதியகலம்.

வட்டை புதிதல்ல. மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை என்று தச்சர்கள் சொல்லிவந்த அதே வட்டைதான். பட்டையின் இடத்தில் இன்று டயர், வட்டையின் இடத்தில் ரிம். சங்கப் பாட்டில் வட்டைக்கு வரும் 'சூட்டு' இதைவிடப் பழையது என்று இன்னொருவர் எழுதியிருந்தார், உண்மைதான், ஆனால் சூட்டகலம் என்று எழுதினால் பிரேக் சூட்டைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிடுவார்கள்.

புடை என்றால் பக்கம். புடைத்தல் என்றால் வீங்கி எழுவது. பக்கத்திலிருந்து பக்கத்துக்கு, அதுவும் காற்றடித்துப் புடைத்து நிற்கும்போது எடுக்கும் அளவுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு வசதி, டயரில் 215/45 என்று அச்சிட்டிருப்பதில் உள்ள 45க்கும் வழி பிறக்கிறது: பக்கச்சுவரின் உயரம் புடையுயரம், அது புடையகலத்தில் 45 விழுக்காடு. 215இல் 45 விழுக்காடு ஏறக்குறைய 97 மி.மீ., முடிந்தது.

மிதியகலம்தான் கொஞ்சம் இழுபறி. மிதி என்பது பெடலுக்கும் வழங்குகிறது என்பது சரி, ஆனால் டயர் பற்றிய பத்தியில் யாரும் பெடலை நினைக்கப் போவதில்லை. கடையில் 'பட்டன் தேஞ்சிடுச்சு', 'மொட்டை டயர்' என்கிறார்கள், அந்தப் பட்டனையே எடுத்துப் பட்டனகலம் என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். அது தனித்தனிக் கட்டைகளின் பெயர், மொத்தப் பரப்புக்கு ஒட்டவில்லை.

சொல் நிற்குமா என்பதற்கு வாக்கெடுப்பைவிட எழுதிப் பார்ப்பதே நல்லது. தம்பியின் கேள்விக்கே இந்தச் சொற்களால் பதில் எழுதுகிறேன்.

215/45R17க்கு (R17 என்றால் 17 அங்குல வீலுக்கான ரேடியல் டயர்) அனுமதித்த வட்டையகலம் 7 முதல் 8 அங்குலம் வரை. 86இன் கம்பெனி வீல் 7, அதாவது கீழ்வரம்பு. 225/45R17க்கு 7 முதல் 8.5 வரை, ஆக அதுவும் உட்காரும். ஆனால் அதன் புடையகலத்தை அளந்து குறிப்பது 7.5 அங்குல வட்டையில். வட்டையகலம் அரை அங்குலம் குறைந்தால் புடையகலம் ஏறக்குறைய 5 மி.மீ. குறையும், ஆகவே 7இல் மாட்டினால் 225 என்று எழுதியிருப்பது 220 சொச்சம்தான் நிற்கும். பழைய 215 அதே 7இல்தான் அளக்கப்படுகிறது, வருவது 213 (அச்சிட்ட எண் பெயரளவுதான்). கூடுவது ஏழு மி.மீ., பக்கத்துக்கு மூன்றரை. உள்ளே ஸ்ட்ரட்டிலும் (சஸ்பென்ஷன் தண்டு) வெளியே ஃபெண்டரிலும் (சக்கரத்தின் மேல் தகடு) இடிக்குமா என்ற பயத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை. விட்டம் 625இலிருந்து 634 மி.மீ. ஆகிறது, ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு, மீட்டரில் 100 தெரிந்தால் முன்பைவிட ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறீர்கள், அவ்வளவுதான்.

235/45க்கு அனுமதி 7.5இல் தொடங்குகிறது, 245/40க்கு 8இல். 7 அங்குல வட்டையில் இவை பிதுங்கும். உட்காராது என்று இல்லை, உட்காரும். ஆனால் பக்கச்சுவர் உள்நோக்கிச் சாய்ந்து தாங்குவதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் டயர் நெளிந்து, அப்புறம்தான் கார் திரும்பும். மிதிப்பரப்பு நடுவில் மேடாகி அங்கே சீக்கிரம் தேயும். சரி, அப்படியானால் பந்தயக்காரர்கள் ஏன் போடுகிறார்கள்? அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் நடத்தும் ஆட்டோகிராஸில் (கூம்பு வைத்த தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) 'ஸ்ட்ரீட்' பிரிவில் ஓடுபவர் கம்பெனி வட்டையகலத்தை மாற்றக் கூடாது, டயரை மாற்றலாம். வட்டையைத் தொட முடியாதபோது கிடைக்கிற ஒரே வழி அதிக ரப்பர், ஒரு நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டத்தில் அந்த நெளிவைப் பொறுத்துக்கொண்டாலும் கடிகாரத்தில் லாபம் கிடைப்பதுண்டு. அது அந்த விதிக்குள் நியாயம். தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அந்த விதி இல்லை, அந்த டயரும் வேண்டாம்.

இன்னொன்றையும் தம்பி எழுத வேண்டும். 86இன் டயர் சிறுத்திருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. அதில் வந்த மிஷெலின் பிரைமஸி எச்பி, டொயோட்டாவின் எரிபொருள் சிக்கனக் காரான பிரியஸின் ஒரு வகைக்கும் வந்த அதே டயர். பிடிப்பு குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் நழுவும், ஓட்டுபவர் அதைக் கையாண்டு மகிழலாம் என்று வேண்டுமென்றே வைத்தார்கள். ஆகவே பிடிப்பு போதவில்லை என்றால் நான் முதலில் சொல்வது அதே 215இல் நல்ல ரப்பர். அகலத்தைக் கூட்டினால் தரைபடும் பரப்பு பெரிதாகிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. பாரமும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் பரப்பு அவ்வளவாக மாறாது, வடிவம்தான் மாறும், குறுக்கே நீண்டு முன்பின்னாகச் சுருங்கும். திருப்பத்தில் அது உதவும். மழைநீர் தேங்கிய சாலையில் அதுவே வினை, அகல டயர் குறைந்த வேகத்திலேயே நீரின்மேல் ஏறிவிடும்.

> பனிக்காலத்துக்கு 205/50R17 குறுகல், அதனால் நல்லது என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகவே மூன்று சொல் வேண்டும் என்கிறேன். 205/50R17இன் புடையகலம் 6.5 அங்குல வட்டையில் அளந்தால் 214 மி.மீ. நம் 215/45 வருவதோ 213. அதாவது 205 என்று அச்சிட்டது 215 என்று அச்சிட்டதைவிடக் குறுகலே அல்ல, 7 அங்குலத்தில் மாட்டினால் இன்னும் கூடும். பனியைக் கிழித்துக்கொண்டு போகப் பார்க்க வேண்டியது மிதியகலத்தை, அது 205இல் பெரும்பாலும் குறைவாக இருக்கும், ஆனால் அதை ஒவ்வொரு டயரின் விவரத்தாளிலும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 'டயர் அகலம்' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பத்தியை யாராவது எழுதிக் காட்டட்டும், நான் என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

அச்சிட்ட எண்ணும் அளந்த எண்ணும் இப்படி வேறுபடுவதால், பதிவில் புடையகலத்தின் கீழே 'பெயரளவுப் புடையகலம்' என்று ஒரு துணைப்பதிவு சேர்த்துவிடலாம்.

கம்பெனி வீலுக்கு 'இயல்சக்கரம்', 'ஆலைச்சக்கரம்' என்றெல்லாம் வந்திருக்கிறது. எனக்கு ஒப்பில்லை. கம்பெனி வீல் என்றால் சென்னையிலும் மதுரையிலும் எல்லாருக்கும் புரிகிறது, குழப்பமும் இல்லை. குழப்பம் இருக்கும் இடத்தில்தான் புதுச்சொல் வேண்டும். டயரையும் அப்படியே விடலாம், இலங்கை நண்பர்கள் ரயர் என்று எழுதட்டும், சண்டை இல்லை.

முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் வைத்த கார்களுக்கு ஒரு சொல் கேட்டிருந்தார்கள். ஹோண்டா எஸ்2000 முதலில் வந்தபோது முன்னே 205, பின்னே 225. பின்னர் 17 அங்குல வீலுக்கு மாறியபோது 215, 245. முன்டயரை மட்டும் பெரிதாக்கினால் அந்தச் சமநிலை குலைந்து பின்பக்கம் வீச ஆரம்பிக்கும், எனவே சொல் வேண்டியதுதான். 'ஏறகலம்' என்று ஒன்று தோன்றியது, எனக்கே முழுத் திருப்தி இல்லை, நல்லது இருந்தால் எழுதுங்கள்.

86இன் வீலில் 48 என்று இன்னோர் எண் இருக்கிறது, வட்டையின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது. அதற்கு இதே இழையில் சொல் தேட வேண்டாம், தனி இழை தொடங்குங்கள். 'தள்ளளவு' என்பதை அங்கே என் பெயரில் போட்டுக்கொள்ளலாம்.